உருத்திருத்தியல்: புல்தரையின் மூலையை உருட்டுவது பற்றி ஓர் ஆய்வு

உருத்திருத்தம் என்பது தோட்டம் வரையும் மென்பொருளில் ஒருமுறை வரைந்து முடித்த உருவை மறுபடி வரைவது. உரு என்ற சொல் இங்கே புல்தரை, பூப்பாத்தி, நடைபாதை, குட்டிக்குளம், சுற்றுச்சுவர் ஆகியவற்றைக் குறிக்கும். மரம் இதில் சேராது. மரம் வெறும் குறி. இந்த இலக்கணத்தில் ‘வரைந்து முடித்த’ என்ற அடை முக்கியமானது. முடியாத கோட்டை மாற்றுவது வரைதலின் ஒரு பகுதியே. வீட்டுக்காரர் பார்த்து, “நல்லா இருக்கு” என்று தலையாட்டி, முன்பணமும் கொடுத்த பிறகு மாற்றுவதுதான் திருத்தம். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்தாம் வரைய ஒரு நாளும் திருத்த ஒரு மாதமும் ஆவதைக் கண்டு வியக்கிறார்கள்.

திருத்தம் எதனால் பிறக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சென்னையில் கடை வைத்திருக்கும் மச்சான் ஊருக்கு வந்து படத்தைப் பார்த்திருப்பார்.

ஆய்வின் களம் ஆலங்குளம். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் உண்டு; விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் அரசு சிமென்ட் ஆலைக்குப் பேர் போனது. இங்கே பேசப்படுவது திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் இருக்கும் ஆலங்குளம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது நெல்லையை விட்டு அதனோடு போன வட்டம். இணைய நிலப்படத்தைப் பின்னணியாகப் போட்டு அதன்மேல் வரையும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. தேடுபெட்டியில் ஊர்ப்பெயரை மட்டும் அடித்துவிட்டு வரையத் தொடங்கியவரின் புல்தரை சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில் முளைத்துவிடும்.

இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் காற்று. ஆரியங்காவு கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, குற்றாலத்தில் சாரலையும் தென்காசியில் தூறலையும் இறக்கி வைத்துவிட்டு, ஆலங்குளத்துக்கு வரும்போது பெரும்பாலும் காற்றாக மட்டும் வந்து சேர்கிறது. சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. குற்றாலத்தில் கல்லின் மேலும் பாசி பிடிக்கும். ஆலங்குளத்தில் பச்சை வேண்டுமென்றால் முதலில் வரைய வேண்டும். வரைதல் நடக்கும் இடத்தில்தான் திருத்தமும் தழைக்கும்.

உருத்திருத்தக் கலை இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. குற்றாலநாதர் கோயிலின் தலபுராணப்படி, அங்கே நின்ற கோலத்தில் இருந்த திருமாலை அகத்தியர் தலையில் கைவைத்து அமுக்கிச் சிவலிங்கம் ஆக்கினார். உயரத்தைக் குறுக்கியதோடு நில்லாமல் உருவின் வகையையே மாற்றிய செயல் இது. இன்றைய மென்பொருள்களில் ஒரு பூப்பாத்தியைப் புல்தரையாக வகைமாற்ற எத்தனை பட்டியல்களைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, அகத்தியர் கையிலிருந்த கருவியின் தரம் விளங்கும். அமுக்கியதால் வந்த தலைவலி தீர இறைவனுக்கு மூலிகைத் தைலம் சாத்தும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. திருத்தியவருக்கு வலிப்பதில்லை, திருத்தப்பட்ட உருவுக்கே வலிக்கிறது என்ற கொள்கைக்கு இதைவிடப் பழைய சான்று இல்லை. அந்தக் கோயிலின் அமைப்பும் கவனிக்கத் தக்கது. அது சங்கின் வடிவில் அமைந்தது. சங்கக்கோயில் என்றே ஒரு பெயரும் உண்டு. செங்கோண மதில்களுக்குப் பழகிய நாட்டில் ஒரு கோயில் மட்டும் வளைந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வரும் வீட்டுக்காரர், தம் வீட்டு நடைபாதையும் நேராக இருக்கக்கூடாது என்று கேட்பதில் குற்றம் காண முடியாது.

தெய்வத்தை விட்டு மனிதரிடம் வந்தால், உருத்திருத்தத்தின் பழைய வடிவம் எல்லைக்கல்லை நகர்த்துவது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில அளவைத் துறை வைத்திருக்கும் புலப்படம், மக்கள் வாயில் எஃப்.எம்.பி., உண்மையில் புள்ளிகளின் கோவைதான். மூலைக்கு ஒரு கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மீட்டரில் ஒரு நீளம். நிலத்தை முக்கோணங்களாக அறுக்கக் குறுக்கே ஒரு ஜி-லைன். வரப்பு வளைந்து போகும் இடங்களில் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எடுத்த சிறு அளவுகள். புலப்படத்தில் எந்த வரப்பும் உண்மையில் வளைவதில்லை. குட்டிக் குட்டி நேர்கோடுகளாக முறிந்து முறிந்து போகிறது. வளைவு என்பது போதிய அளவு புள்ளி வைத்த முறிவே என்ற தத்துவத்தை நில அளவையர் கணினிக்கு முன்பே கண்டிருந்தார்.

அந்த அளவையர் முன்பு பிடித்த சங்கிலி எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் வகுத்தது: 66 அடி நீளம், 100 கண்ணி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. சங்கிலி போய்விட்டது, சென்ட் போகவில்லை. புலப்படம் மீட்டர் பேசுகிறது. மனை சென்ட்டில் விற்கிறது. கொத்தனார் அடியில் கேட்கிறார். மென்பொருள் எதில் பேசுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் கடைசியில் மில்லிமீட்டரில் பேசுகிறது. ஆலங்குளத்தில் நடந்த பல பெரிய உருத்திருத்தங்கள் அழகுக்காக நடந்தவை அல்ல. அலகு மாறிப்போனதால் 12 அடி நடைபாதை 12 மீட்டராகி வீட்டுக்குள் புகுந்தபோது நடந்தவை.

கல்லை இரவோடு இரவாக நகர்த்துவதை மென்பொருள் மொழியில் புள்ளியைப் பிடித்து இழுப்பது என்பார்கள். மென்பொருளில் இதற்குச் செலவு கிடையாது. நிலத்தில், அரசு நட்ட எல்லைக்குறியை நகர்த்துவதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கல் அதே இடத்தில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஆக, உருத்திருத்தத்தின் அணு புள்ளி. ஓர் உருவைச் சொடுக்கினால் அதன் மூலைகளில் சின்னஞ்சிறு சதுரங்கள் முளைக்கும். ஆட்டோகேட் என்ற மென்பொருளில் அவை நீலமாக இருக்கும், பிடித்ததும் சிவக்கும். சிவந்த புள்ளி அதன்பின் சுட்டி போகும் இடமெல்லாம் வரும். திரையில் வரைந்த கோட்டைத் திரையிலேயே பிடித்து இழுக்கலாம் என்று முதலில் காட்டியவர் ஐவன் சதர்லண்ட், 1963-ல் எம்.ஐ.டி.யில் அவர் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில் ஒளிப்பேனாவால் இது நடந்தது. 1982-ல் ஆட்டோகேட் திரையில் வரைவதைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தது. மிச்சமெல்லாம் இழுப்பதுதான்.

ஆனால் புள்ளிக்கும் கோட்டுக்கும் என்ன உறவு என்பதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. இரண்டு கட்சியையும் மார்கழி விடியலில் ஆலங்குளத்தின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். முதல் கட்சி புள்ளியோடு புள்ளியைத் தொட்டு இணைக்கும். நட்சத்திரமும் தாமரையும் விளக்கும் இப்படி வருபவை. இரண்டாம் கட்சி புள்ளியைத் தொடவே தொடாது. சுற்றிச் சுற்றி வந்து புள்ளியை நடுவில் சிறைவைக்கும். சிக்குக் கோலம், கம்பிக் கோலம் என்பவை இவை. மென்பொருளில் முதல் கட்சிக்கு உடைகோடு என்று பெயர். கோடு எல்லாப் புள்ளி வழியாகவும் போயே தீரும், அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழங்கை தெரியும். இரண்டாம் கட்சி வளைகோடு. நடுவிலுள்ள புள்ளி இழுக்கும், கோடு அந்தப் பக்கம் சாயும், ஆனால் தொடாது. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று கோலத்தில் இருக்கும் பாகுபாடு மென்பொருளின் வழக்கமான கட்டத்தில் வரவில்லை. அங்கே கட்டம் எல்லாம் நேர்ப்புள்ளிதான். இடுக்கில் புள்ளி வைக்கத் தெரியாத கருவியை எந்த ஆலங்குளத்துப் பெண்ணும் முழுமையானது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

கோலத்தையும் கணினியையும் சேர்த்துப் பார்ப்பது இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட வழியில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிரிதிவாசனோடும் சேர்ந்து, கோலங்களைக் கணினிக்கான வரிசை இலக்கணங்களால் விவரித்து 1974-லேயே எழுதிவிட்டார். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். ஒரு துறைக்கு வைத்த தமிழ்ப்பெயர் இவ்வளவு சொல்லுக்குச் சொல் மெய்யானது வேறெங்கும் இல்லை.

இரண்டாம் கட்சியின் மேலைநாட்டு வரலாறு கார் கம்பெனிகளில் நடந்தது. 1959-ல் சித்ரோன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ இந்த வளைவைக் கணக்கிடும் வழியைக் கண்டார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. 1960-களில் ரெனோ கம்பெனியின் பியர் பெசியே வேறு வழியில் அதே வளைவுக்கு வந்து சேர்ந்து, வெளியிலும் சொன்னார். வளைவுக்குப் பெசியே பெயர் நிலைத்துவிட்டது. குளம் வெட்டியவர் ஒருவர், கல்லில் பெயர் இன்னொருவர் என்பது ஆலங்குளத்தார் அறியாத செய்தி அன்று.

பெசியே வளைவுக்குப் பொதுவாக நாலு புள்ளி. முதலும் கடைசியும் கோட்டின் மேல் இருப்பவை. நடுவிலுள்ள இரண்டும் கோட்டுக்கு வெளியே கைப்பிடி போல நீட்டிக்கொண்டு நிற்கும். வளைவு அவற்றைத் தொடாது. அவை நகர்ந்தால் வளைவும் நகரும். கல்யாணத்துக்கு வராமலே பந்தியில் என்ன போடுவது என்று முடிவு செய்யும் தாய்மாமனை இவை ஒத்தவை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் கோட்டைத்தான் பிடித்து இழுப்பார்கள். பழகியவர்கள் மாமனைப் பிடிப்பார்கள்.

கணக்கு வருவதற்கு முன் இந்த வேலையை மரம் செய்தது. கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சட்டத்தை ஈயக்கட்டிகளால் அங்கங்கே அமுக்கி வளைத்து, அதையொட்டிக் கோடு போட்டார்கள். அந்த ஈயக்கட்டிகளுக்கு ஆங்கிலத்தில் வாத்து என்று பெயர். ஆசாரி மூங்கில் பிளாச்சை ஆணிகளுக்கு நடுவே வளைத்து நிறுத்துவதும் இதே முறை. வாத்து மட்டும் கிடையாது. வளைத்த மூங்கில் தானாகவே மிகக் குறைந்த சிரமத்தில் நிற்கும் வடிவத்தைத் தேடிக்கொள்கிறது. கணினி பல பெருக்கல்கள் செய்து அடைவதை மூங்கில் சோம்பலால் அடைகிறது.

இனிச் செயல்கள். புள்ளியைச் சேர்த்தல், எடுத்தல், நகர்த்தல், புள்ளியின் இயல்பை மாற்றுதல் என்று நூல்கள் இவற்றைப் பிரிப்பது வழக்கம். நடைமுறையில் எல்லோரும் சேர்க்கிறார்கள், சிலரே எடுக்கிறார்கள். இங்கே தொல்காப்பியத்தின் துணை வேண்டியிருக்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது அதன் விதி. புள்ளி ஏறிய எழுத்தில் உயிர் இல்லை. வளைவுக்கும் இது பொருந்தும். வாசலிலிருந்து வீட்டுக்கு ஒரு நெளிவோடு போகும் நடைபாதைக்கு நாலைந்து புள்ளி போதும். தொடங்கியவர் நாற்பது வைப்பார். ஒரு புள்ளி அரையடி தள்ளி விழுந்தால் அந்த இடத்தில் பாதை விக்கும். விக்கலைச் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு புள்ளி சேர்ப்பார். இப்போது இரண்டு விக்கல். இப்படியே போனால் பாதை கடைசியில் வயிற்றுவலி வந்த பாம்பு போலாகும். கைதேர்ந்தவர் செய்யும் திருத்தம் எதிர்த்திசையில் போகும்: ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை எடுத்துக்கொண்டே வருவார், எடுக்க எடுக்கப் பாதை மூச்சுவிடும். கூலி பேசுகையில் இது அவருக்கே எதிராக முடிவதும் உண்டு. “ஒண்ணுமே பண்ணலியே, இருந்ததத்தானே அழிச்சீங்க” என்று வீட்டுக்காரர் கேட்டால் விடை சொல்வது கடினம்.

மூலையை உருட்டுதல் தனியே ஆராயத் தக்கது. “அண்ணாச்சி, அந்த மூலைய மட்டும் கொஞ்சம் உருட்டி விடுங்க” என்பது இத்துறையில் அதிகம் கேட்கப்படும் வாக்கியம். காரணம் கேட்டால் அழகு என்று சொல்வார்கள்; உண்மைக் காரணம் புல்லட். கூர்மூலையில் வண்டியைத் திருப்பினால் சக்கரம் புல்லில் ஏறும். செங்கோண மூலையை ஐந்தடி ஆரத்தில் உருட்டினால் புல்தரை இழக்கும் பரப்பு, ஆரத்தின் வர்க்கத்தை 0.2146 ஆல் பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 5.4 சதுர அடி. நாலு மூலைக்கும் 21.5. புல்லைச் சதுர அடிக் கணக்கில் வாங்குபவருக்கு இது லாபம், சதுர அடிக் கணக்கில் விற்பவருக்கு நட்டம். உருட்டுவது நல்லதா என்ற விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை இதிலிருந்து முன்கூட்டியே சொல்லலாம். பக்கத்தின் நீளத்துக்கு மேற்பட்ட ஆரத்தைக் கொடுத்தால், ஆரம் பெரிதாகிவிட்டது என்று மென்பொருள் மறுத்துவிடும். வீட்டுக்காரர்களிடம் இந்தப் பண்பு கிடையாது.

புல் என்றதும் ஓர் இடைச்செருகல் தேவைப்படுகிறது. மென்பொருளின் பட்டியலில் பெர்முடா புல் என்று ஒன்று வரும். படத்தில் பார்த்து மயங்கிக் கேட்பவர்கள் உண்டு. அது சைனோடான் டாக்டைலான். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். வரப்பிலிருந்து அதைக் களையெடுக்க ஒரு கூலி, அதையே முற்றத்தில் விரிக்க இன்னொரு கூலி என்று ஒரே வீட்டில் இரண்டும் நடப்பதைத் தடுக்கும் திறன் எந்த மென்பொருளுக்கும் வாய்க்கவில்லை.

உரு மூடியிருக்க வேண்டும் என்பது மூன்றாம் விதி. முதல் இரண்டும் எவை என்பதில் கருத்தொற்றுமை இல்லை. கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு சேராமல் நூலிழை அளவு திறந்திருந்தாலும் உள்ளே நிறம் ஏறாது. வரைபவர் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த இடைவெளியைத் தேடுவார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு திறந்திருக்கும். இதற்கும் கோலத்தில் மூதாதை உண்டு. சிக்குக் கோலத்தின் கம்பி தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். தொங்கும் நுனியோடு விட்ட கோலத்தைப் பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்தால் நிற்காமல் போகமாட்டார். மென்பொருளோ ஒன்றும் சொல்லாது. புல் முளைக்கவில்லை என்ற உண்மையை மட்டும் காட்டிவிட்டு மௌனமாக இருக்கும்.

மூடியிருந்தால் மட்டும் போதாது, முறுக்கிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். புள்ளிகளின் ஆயத்தொலைவுகளிலிருந்து பரப்பைக் கணக்கிடும் சூத்திரம் ஷூ லேஸ் சூத்திரம் எனப்படும். எண்களைக் குறுக்குக் குறுக்காகப் பெருக்கிக் கழிப்பது, செருப்புக் கயிறு கோத்ததுபோல் தோன்றுவதால் வந்த பெயர் அது. ஜெர்மானியர் மைஸ்டர் 1769-ல் இதை விவரித்தார். புகழ் வழக்கம்போல் இன்னொருவருக்கு, இம்முறை கணித அறிஞர் காவுசுக்கு. 30 அடிக்கு 20 அடி புல்தரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூலைகளை வரிசையாகச் சுற்றி வந்தால் பரப்பு 600 சதுர அடி, ஒன்றரைச் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. புள்ளிகளைக் கைதவறி இழுத்து மூன்றாம் மூலையும் நாலாம் மூலையும் இடம் மாறிப்போனால், உரு நடுவில் முறுக்கிக்கொண்டு தலைப்பாகைக் கட்டு போலாகும். அப்போது சூத்திரம் ஒரு பக்கத்துக்குக் கூட்டல் போட்டு, மறு பக்கத்துக்குக் கழித்தல் போட்டு, விடையைப் பூச்சியம் என்கிறது. திரையில் பச்சை தெரியும். விலைப்பட்டியலில் புல்லின் அளவு 0 என்று வரும். இந்த ஒரு பிழையை மட்டும் எந்த வீட்டுக்காரரும் திருத்தச் சொன்னதில்லை.

வட்டம் எளிது என்று நினைப்பது பொதுத் தவறு. வட்டத்தின் பரப்புக்குச் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கச் சொல்லும் விதி காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலேயே இருக்கிறது. ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில் வட்டம் என்று போடுவது, மாற்றாமல் விட்டால், 24 பக்கமுள்ள பலகோணம். பத்தடி ஆரத்தில் குட்டிக்குளம் வரைந்தால் உண்மை வட்டத்துக்கு 314.2 சதுர அடி வர வேண்டிய இடத்தில் 310.6 தான் வரும். மூன்றடி ஆழம் என்றால் ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் காணாமல் போகிறது; பிளாஸ்டிக் குடத்தில் இருபது குடம். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊருக்கு இது சிறிய தொகை அன்று. பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் திருட்டு குறையும், கணினி மூச்சு வாங்கும்.

புள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பற்றிச் சதர்லண்ட் 1963-லேயே சிந்தித்தார்: இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாகவே இருக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஸ்கெட்ச்பேட் அதை மறக்காது. ஆலங்குளத்தில் இந்தப் பொறுப்பை வாஸ்து ஏற்றிருக்கிறது. ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்கலாம், கன்னி மூலையில் குழி கூடாது, அங்கே உயரம் வேண்டும். எந்தப் புள்ளியை எங்கே இழுத்தாலும் இந்த விதிகள் உடன் வரும். மனையின் வடிவங்களுக்கும் அதில் பெயருண்டு: முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்றால் பசுமுகம், வீட்டுக்கு நல்லது, முன்பக்கம் அகன்று பின்னே குறுகினால் சிம்மமுகம், கடைக்கு நல்லது. வடிவியல் பாடநூல் இரண்டையும் சரிவகம் என்று சொல்லி முடித்துவிடுகிறது. குட்டிக்குளத்தைக் கன்னி மூலையிலிருந்து ஈசானியத்துக்கு இழுக்கும் திருத்தம் மனையின் மூலைவிட்டம் முழுவதையும் கடப்பது. இத்துறையில் அறியப்பட்ட மிக நீண்ட இழுப்பு அதுவே. வழியில் செப்டிக் டேங்க் இருந்தால் அதன் மேலும் போகும்.

ஊரின் பெயரில் இருக்கும் இரண்டு பொருளும் மென்பொருளுக்கு அடங்காதவை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆல், தன் உருவைத் தானே திருத்திக்கொள்ளும் பொருள். விழுது இறங்கி மண்ணைத் தொட்ட இடத்தில் புதுப்புள்ளி ஒன்று சேர்கிறது, யாரும் சொடுக்கவில்லை. மென்பொருளின் மரக்குறி ஒரு நடுப்புள்ளியும் ஒரு வட்டமும் மட்டுமே உடையது. வயதைக் கூட்டினால் வட்டம் பெருக்கும், கால் ஊன்றாது. குளம் இதைவிடக் கடினம். இப்பகுதிக் குளத்துக்குத் தாழ்ந்த பக்கத்தில் வில்லாக வளைந்த கரை உண்டு, மடை உண்டு, மறுகால் உண்டு. மேட்டுப்பக்கத்தில் கோடே கிடையாது. தண்ணீர் நின்ற இடம் எல்லை. கார்த்திகையில் மறுகால் பாயும்போது ஓர் உரு, சித்திரையில் மாடு மேயும்போது இன்னோர் உரு. மூடாத உருவுக்குள் நிறம் ஏறாது என்று சொல்லும் மென்பொருளின் முன்னால் இந்தக் குளங்கள் பல நூற்றாண்டுகளாகப் பாதி திறந்தபடியே நிறைந்திருக்கின்றன.

திரையில் முடிந்த உரு தரையில் இறங்கும் வேலை மிச்சம். படத்தைத் தாளில் எடுத்து, சுற்றுச்சுவரிலிருந்து மூன்றடிக்கு ஒருமுறை செங்குத்தாக அளந்து, அளந்த இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். புலப்படத்து அளவையர் வளைந்த வரப்பை எடுத்த அதே முறை, திசை மட்டும் மாறியது. கணினி வளைவாக மாற்றியதெல்லாம் இங்கே மறுபடி புள்ளியாகிவிடும். பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை வெயிலில் போட்டு இளக்கி, குச்சிகளை ஒட்டி வளைத்து வைப்பார்கள். குழாய் நழுவாமலிருக்க அங்கங்கே செங்கல். கப்பல் கட்டுவோரின் வாத்து ஆலங்குளத்தில் கிடைத்துவிடுகிறது. தோட்டக்காரர் எட்டி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, காலால் குழாயை நாலு விரல் உள்ளே தள்ளுவார். படத்தில் இருபது நாள் பேசித் தீர்த்த வளைவு அந்தக் காலில் முடிவாகும். பெரும்பாலும் அது படத்தைவிட நன்றாகவே இருக்கும்.

குழாயை ஒட்டிச் சுண்ணாம்புத் தூளோ கோலமாவோ தூவிவிட்டுக் குழாயை எடுப்பார்கள். ஆனி, ஆடியில் இதைச் செய்தால் மேற்கேயிருந்து வரும் காற்று மாவை மதியத்துக்குள் கிழக்கே தள்ளியிருக்கும். கொத்தனார் மாவு இருக்கும் இடத்தில்தான் செங்கல் வைப்பார். அவரிடம் படத்தைக் காட்டுவதால் பயன் இல்லை. அதன்பின் மென்பொருளில் நடக்கும் திருத்தம் ஒன்றே ஒன்று: தரையில் இருப்பதை நாடாவால் அளந்துவந்து, படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து அதற்கு ஒத்துப்போக வைப்பது. தொழிலில் இதைக் கட்டியபடி படம் என்கிறார்கள். மச்சான் சென்னைக்கு பஸ் ஏறிய பிறகே இது வரையப்படும்.